காப்பு கட்டின வாரம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு வெளிய பாக்கப் புடிக்கல. இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, பஸ்ஸுல ஏறுனா கொமட்டுற ஆளு இல்ல நான். எங்க ஊரு சனம் ஒரு வேன் புடிச்சி முன்னால போவுது. உளுந்தூர்பேட்ட தாண்டி எங்கியாவது டீக் கடையில நிப்பாங்க. அவுங்க கண்ணுல நான் பட வாணாம், என் கண்ணுல அவுங்க பட வாணாம். அதான்.

மெட்ராசுக்குத்தான். கோர்ட்டுக்கு. அட, அப்பிடிப் பாக்காதீங்க. திருட்டுக் கேசு இல்ல, வெட்டுக்குத்தும் இல்ல. சாட்சி சொல்லப் போறன். ஒரே ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்தைக்கோசரம்தான் ஊரே வேன் புடிச்சிப் போவுது. எனக்கும் வேன்ல ஒரு சீட்டு விட்டிருந்தாங்க, முன் சீட்டு. ஏறல. நீங்களா இருந்தா ஏறுவீங்களா? மொதல்ல கேளுங்க, அப்பறம் சொல்லுங்க.

என் பேரு பூவராகன். சாத்தங்குழி செல்லியம்மன் கோயிலு தர்மகர்த்தா. எங்க அப்பா தர்மகர்த்தா, அவுரு அப்பாவும் தர்மகர்த்தா. இப்ப நான் தர்மகர்த்தாவா இல்லையான்னு கேட்டீங்கன்னா எனக்கு வயிறு எரியும். கேக்காதீங்க.

விருத்தாசலத்துலேர்ந்து உள்ள போவணும் எங்க ஊருக்கு. மேல மல்லாட்ட, அதான் நெலக்கடல, போடுவம், கரும்பு போடுவம், முந்திரிக் கொல்ல இருக்குது. அடியில என்னா இருக்குதுன்னு யாரு பாத்தா? நெலக்கரி இருக்குதாம். ஒரு கம்பெனிக்காரன் வந்து, சொரங்கம் வெட்டப் போறம், ஊரக் காலி பண்ணுங்கன்னான். ஊடு, கொல்ல, கோயிலு, சுடுகாடு எல்லாம் குழிக்குள்ள போயிடும். வேற எடத்துல ஊட்டுக்கு ஒரு மனை குடுப்பானாம். செல்லியம்மனுக்கும் ஒரு மனை குடுப்பானாம். சொல்றான் பாருங்க, எங்க ஆத்தா என்னமோ இவன்கிட்ட எடம் கேட்டு மனு போட்ட மாரி.

உட்டுடுவமா? எங்க ஊருக்கு வர்ற ரோட்டுல எல்லைக்கல்லுன்னு ஒரு கல்லு நிக்கும். அது கிட்ட கீத்துப் பந்தலு போட்டு உக்காந்தம். மண்ணுல கரி எவ்வளவு ஆழத்துல இருக்குதுன்னு பாக்கறதுக்குத் தொள போடற வண்டி வரும் பாருங்க, அது உள்ள நொழையாம மறிச்சிக்கிட்டு உக்காந்தம். பொம்பளைங்க, கெழவனுங்க, கைப்புள்ளக்காரி எல்லாரும். அங்கியே அடுப்பு, அங்கியே சோறு. எல்லாத்துக்கும் தலைவரு நான்தான். மாலை எனக்குத்தான் போட்டாங்க. பேப்பருல போட்டோ வந்துச்சே, நடுவுல நாற்காலியில, அது நான்தான்.

அஞ்சலாட்சியும் இருந்தா. என் தம்பி பொண்டாட்டி. தம்பி முந்திரிக் கொல்லையில பாம்பு கடிச்சிப் போயிட்டான், ஒரு பொட்டப் புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கறா. அவ சும்மா மத்த வேலயெல்லாம் பாத்தா. இந்த வக்கீலப் பாக்கறது, மனு எழுதறது, பேப்பர்காரங்களுக்குப் போன் போடறது, அக்கம்பக்கத்து ஊரு ஆளுங்களக் கூட்டியாறது, யாரு ஊட்டுலேர்ந்து என்னிக்கி அரிசின்னு பாத்து ஒல வைக்கிறது, மைக்குல பேசறது, அந்த மாரி. சில்லற வேல. ஆனா குத்தம் சொல்லக் கூடாது, ஓடி ஓடி செஞ்சா. என் எதுக்க ஒரு நாளு உக்காந்தவ இல்ல. "மாமா, இத செய்யலாங்களா"ன்னு கேட்டுட்டுத்தான் செய்வா. செய்யறதுக்கு முன்னாடி கேட்டாளா செஞ்ச பின்னாடி கேட்டாளான்னு நான் பாக்கறதில்ல, கேட்டா, அதான் முக்கியம்.

மொத மாசம் பந்தலு நெறஞ்சி கெடந்துச்சி. அப்பறம் கொறைய ஆரம்பிச்சிட்டுது. சனம் பாவம், சோத்துக்கு வேல பாக்கணும் இல்ல? கரும்பு வெட்டப் போனவன் போனான், திருப்பூருக்குப் போனவன் போனான். பந்தல்ல நாலு கெழடுங்களும் ரெண்டு நாயும்தான். வண்டி வந்துச்சின்னா அன்னிக்கி யாரு மறிக்கிறது? அஞ்சலாட்சிக்கி மொகம் கருத்துப் போச்சி.

அப்பதான் எனக்கு ஒரு யோசன வந்துச்சி தம்பி. இத மட்டும் யாரும் என்கிட்டேர்ந்து புடுங்க முடியாது. நீங்க எந்தப் பக்கம்? செங்கல்பட்டா? ஒங்க ஊருல காப்பு கட்டுவாங்க இல்ல? அம்மனுக்குத் திருவிழான்னா மொதல்ல மஞ்சக் கயித்துல காப்பு. அம்மன் கையில கட்டிப் பூசாரி கையில கட்டி, ஊரு ஆளுங்க கையிலயும் கட்டிட்டா, தீ மிதி முடிஞ்சி காப்ப அவுக்கற வரைக்கும் வெளியூருல ராத் தங்கக் கூடாது. எல்லா ஊருலயும் உள்ளதுதான். நான் என்னா பண்ணனன்னா, திருவிழாவும் இல்லாம ஒண்ணும் இல்லாம, அம்மனுக்கு ஒரு காப்பக் கட்டிட்டு பந்தலுக்கு வந்தன். ஊருல உள்ள எல்லாரு கையிலயும் கட்டனன். "வண்டி திரும்பிப் போற வரைக்கும் எவனும் எல்லைக்கல்லத் தாண்டக் கூடாது. ராத் தங்கறது இல்ல, பகல்லகூடத் தாண்டக் கூடாது. தாண்டனவன ஆத்தா பாத்துக்குவா"ன்னன்.

ஒரு ஆளு நவுரல! கரும்புக்குப் போறன்னு சொன்னவன் அருவாளக் கீழ வச்சிட்டான். தொள போடற வண்டி வந்துச்சி, பின்னாலியே போலீசு வந்துச்சி, சனம் ரோட்ட மூடிக்கிட்டு உக்காந்திருக்குது, எல்லாரு கையிலயும் மஞ்சக் கயிறு. ரெண்டு நாளு நின்னு பாத்தான். மூணாம் நாளு வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். எனக்கு மாலை மேல மாலை. அஞ்சலாட்சி மைக்குல சொன்னா, "எங்க மாமா கட்டுன காப்புதான் எங்க ஊரக் காப்பாத்துச்சி"ன்னு. சொன்னவ அவதான் தம்பி. அவ வாயாலதான் சொன்னா.

டிக்கெட்டா? எடுத்தாச்சிங்க, கிளாம்பாக்கம். இந்தாங்க பாருங்க.

அதுக்கு அப்பறம்தான் சுதர்சன் வந்தான். கம்பெனியில வேல, ஊரு சனத்துக்கிட்ட பேசிப் பழகறதுக்குன்னே வச்சிருக்கற ஆளு. சின்ன வயசு. மொத நாளு பந்தல் பக்கம் வந்தான், பொம்பளைங்க தொடப்பத்த எடுத்துட்டாங்க. நேரா என் ஊட்டுக்கு வந்தான். நான் தொரத்தத்தான் எழுந்தன். செருப்பக் கழட்டி வெளிய உட்டுட்டு, சாஷ்டாங்கமா உழுந்துட்டான் என் கால்ல. நெடுஞ்சாண்கெடையா. "ஐயா, நான் கம்பெனி ஆளா வரல. எங்க ஊருலயும் அம்மன் கோயில் இருக்குது. எங்க தர்மகர்த்தா செத்துட்டாரு, அதுலேர்ந்து திருவிழா நடக்கல. ஒங்களப் பாத்தா அவரப் பாக்கற மாரி இருக்குது"ன்னான். கண்ணுல தண்ணி. கால்ல உழுந்தவன எப்பிடித் தம்பி தொரத்தறது? நாற்காலி போடச் சொன்னன், உக்கார மாட்டன்னுட்டான். தரையிலதான் உக்காந்தான்.

நான் ஒரு காசு வாங்கனதில்ல. அதத் தெளிவா சொல்லிடறன். கோயிலுக்கு வெள்ளிக் கவசம் செஞ்சித் தர்றன்னான், போடா வெளியன்னன். சிரிச்சிக்கிட்டான். அதுக்கு அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல. வந்தா கேப்பான், கேட்டுக்கிட்டே இருப்பான். எங்க அப்பா காலத்துல திருவிழா எப்பிடி, தேரு எப்பிடி, மொத மரியாத யாருக்கு, எல்லாம் கேப்பான். எங்க ஊட்டுலயே எவன் கேக்கறான் அதெல்லாம்? என் புள்ள கோயம்புத்தூருல இருக்கறான், போன் பண்ணா ஒடம்ப பாத்துக்கன்னுட்டு வச்சிடுவான். இவன் வாயத் தொறந்து கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பான்.

காப்பப் பத்தித்தான் ரொம்ப ஆசையாக் கேட்டான். "காப்பு கட்டிட்டா கலெக்டரே கூப்புட்டாகூட எல்லையத் தாண்ட மாட்டாங்களா ஐயா?"ன்னான். "கலெக்டரு என்னா, ஆகாசத்துலேர்ந்து தேவலோகத்து ஆளு வந்து கூப்புட்டாலும் என் சனம் தாண்டாதுடா"ன்னன். அசந்து போயிட்டான். கையெடுத்துக் கும்புட்டான்.

எங்களுக்குத் திருவிழா எப்பவும் வைகாசிதான். அந்த வருசம் சித்திரையிலியே வச்சம். அதத்தான் இப்ப கோர்ட்டுல நோண்டறாங்க. ஏன் முன்னாடியே வச்ச, எவன் சொல்லி வச்ச? எவன் சொல்லணும் எனக்கு? மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு ஒரு நெனப்பு. சுதர்சனும் பேச்சோட பேச்சா சொன்னான், "சித்திர மூணாம் வாரம் ரொம்ப விசேசம்னு எங்க ஊரு ஐயரு சொன்னாருங்கய்யா. அந்த வாரம் வச்சீங்கன்னா நானும் லீவு போட்டு வந்து தீ மிதிப்பன்"ன்னு. அவன் சொன்னான், நான் கேட்டுக்கிட்டன். அவ்வளவுதான். அதுக்காவ அவன் சொல்லி வச்சன்னு ஆயிடுமா?

அம்மன்கிட்டதான் கேட்டன். பூ வச்சிக் கேட்டன், ஊரே பாக்க. வெள்ளப் பூ ஒரு எலையில, செவப்புப் பூ ஒரு எலையில மடிச்சிப் போட்டு, ஒரு கொழந்தைய உட்டு எடுக்கச் சொல்றது. வெள்ள வந்தா ஆத்தா சரின்னு சொல்லிட்டான்னு அர்த்தம். மொத தடவ செவப்புதான் வந்துச்சி. கொழந்த சரியா எடுக்கல, கையி வழுக்கிடுச்சி, நான் கண்ணால பாத்தன். மறுபடி எடுக்கச் சொன்னன். அதுவும்... அது கணக்குல இல்ல, பக்கத்துல எவனோ இருமிட்டான், கொழந்த மெரண்டு போச்சி. அப்பறம் எடுத்துச்சி பாருங்க, வெள்ள! மல்லிப்பூ, பளிச்சுன்னு. ஆத்தா குடுத்த தேதி தம்பி அது.

தமுக்கு அடிச்சிச் சொல்லியாச்சி. சொல்லி ஒரு வாரம் இருக்கும், நோட்டீசு ஒட்டறான் பஞ்சாயத்து ஆபீசுல. சொரங்கம் வேணுமா வாணாமான்னு சனத்துக்கிட்ட கருத்துக் கேக்கற கூட்டமாம். டவுனு கல்யாண மண்டபத்துல. என்னிக்கின்னு பாத்தா, காப்பு கட்டி நாலாம் நாளு.

அஞ்சலாட்சி ஓடியாந்தா. தலமுடி அவுந்து கெடக்குது, முடியக்கூட இல்ல. "மாமா, தேதிய மாத்துங்க. இன்னும் காப்பு கட்டல இல்ல, வழக்கம்போல வைகாசியிலியே வச்சிக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நாம போயி வாயத் தொறந்து வாணாம்னு சொல்லணும். போவலன்னா ஊரு சம்மதிச்சிடிச்சின்னு எழுதிக்குவாங்க"ன்னா. "ஆத்தா குடுத்த தேதிய மாத்தறதுக்கு நான் யாரு"ன்னன்.

"சரிங்க மாமா, அப்ப தேதி இருக்கட்டும். பழைய வழக்கம் ராத் தங்கக் கூடாதுன்னுதான? காலையில லாரியில போயிட்டு வெளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிடலாம். பகல்லயும் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான் பந்தலுக்காவச் சொன்னீங்க. அது வண்டிய மறிக்கிறதுக்குச் சொன்னது. இதுக்கு இல்ல"ன்னா.

கேட்டீங்களா பேச்ச? நான் சொன்னதாம். பந்தலுக்காவச் சொன்னதாம். நான் ஆத்தா பேரால சொன்ன வார்த்தைய, இவ இதுக்கு உண்டு இதுக்கு இல்லன்னு பிரிக்கறா. ஊரையே கட்டிப் போட்ட வார்த்த அது. இன்னிக்கி நானே அத அவுத்து உட்டா, நாளைக்கி எவன் மதிப்பான் என் காப்ப?

யோசன பண்ணாம இருந்துடல தம்பி. சுதர்சனுக்குப் போன் போட்டுக் கேட்டன். "ஐயா, அது சும்மா பேருக்கு நடக்கற கூட்டம். திருவிழா முடிஞ்சதும் அதிகாரிங்களே ஊருக்கு வந்து ஒங்கள முன்னால வச்சித்தான் கேப்பாங்க. ஐயா இல்லாம ஒரு முடிவு எடுத்துடுவாங்களா?"ன்னான். அதான நாயம்? நான் இல்லாம என்னா முடிவு? ஊரக் கூட்டி அத அப்பிடியே சொன்னன். சனம் சரின்னுட்டுது.

கூட்டத்தன்னிக்கி காலையில பாத்தா, எல்லைக்கல்லு கிட்ட லாரி நிக்கிது! அஞ்சலாட்சி ஏற்பாடு. என் பேச்சயும் மீறி பாதி ஊரு ஏறி நிக்கிது. எனக்கு ரத்தம் கொதிச்சிப் போச்சி. நான் ஒண்ணும் கத்தல. போயி கல்லு பக்கத்துல நின்னன், கையத் தூக்கிக் காப்பக் காட்டனன். அவ்வளவுதான். ஒவ்வொருத்தரா எறங்கனாங்க. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு எறங்கனாங்க. லாரி காலி. ஒரு கெழவி எறங்கும்போது அழுதுச்சி. எதுக்கு அழுதுச்சின்னு எனக்கு இன்னிக்கும் தெரியல.

அஞ்சலாட்சி மட்டும் எறங்கனவ, ஊருப் பக்கம் திரும்பல. என்னப் பாத்தா. கும்புட்டா. "மாமா, ஆத்தா எதானா பண்ணா என்னப் பண்ணிக்கட்டும், ஊருக்கு ஒண்ணும் ஆவக் கூடாது"ன்னுட்டு, கையில காப்போட கல்லத் தாண்டி நடந்துட்டா. தனியா. லாரிக்காரன் வெறும் லாரியில ஏத்திக்கிட்டுப் போனான்.

என் தம்பி பொண்டாட்டி! என் குடும்பத்துப் பொம்பள! ஊருல அத்தினி பேரு என் காப்புக்குக் கட்டுப்பட்டு நிக்கறான், என் ஊட்டுப் பொம்பள தாண்டிட்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்க. நெஞ்சுல மிதிச்ச மாரி இருந்துச்சி. அன்னிக்கி நான் சோறு திங்கல.

மண்டபத்துல என்னா நடந்துச்சின்னா, எங்கெங்கிருந்தோ பஸ்ஸுல ஆளுங்களக் கொண்ணாந்து ரொப்பி வச்சிருந்தானாம். எல்லாரும் சொரங்கம் வேணும், வேல வேணும்னு சொன்னாங்களாம். சாத்தங்குழியிலேர்ந்து யாருன்னு கேட்டாங்களாம். இவ ஒருத்திதான் எழுந்தாளாம். பேசனாளாம், ரொம்ப நேரம் பேசனாளாம், மைக்க நிறுத்திட்டானாம், நிறுத்தன பின்னாடியும் பேசனாளாம். அப்பறம் எழுதிட்டாங்க, அந்த ஊருல ஒருத்தரத் தவிர யாருக்கும் ஆட்சேபண இல்லன்னு.

நான் அவள ஊர உட்டுத் தள்ளி வச்சன்னு சொல்றாங்க. பொய்யி. தள்ளில்லாம் வைக்கல. கோயிலுக்கு வரக் கூடாதுன்னன். தீ மிதிக்கக் கூடாதுன்னன். தம்பி செத்ததுலேர்ந்து வருசா வருசம் தீ மிதிச்சவதான், அதுக்கு நான் என்னா பண்ண முடியும்? காப்ப முறிச்சவ தீயில எறங்கனா ஊருக்கு ஆவுமா? பந்தலுக்கு வரக் கூடாதுன்னன், தீட்டு. யாரும் அவகிட்ட பேசக் கூடாதுன்னன். அவ்வளவுதான். இதுக்குப் பேரு தள்ளி வைக்கிறதா?

தீ மிதிக்கு சுதர்சன் வருவான்னு எதிர்பாத்தன். வரல. வேல வந்துடுச்சின்னான். திருவிழா முடிஞ்சிது, அதிகாரிங்க வருவாங்கன்னு எதிர்பாத்தன், கோயில் வாசல்ல நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டு வச்சிருந்தன். வரல. சுதர்சனுக்குப் போன் போட்டா எடுக்கல. அப்பறம் அந்த நம்பரே இல்லன்னுட்டுது. பெரிய வேலயில இருக்கறவன், ஆயிரம் இருக்கும்.

பந்தலு? அத ஏன் கேக்கறீங்க. அஞ்சலாட்சி வரலன்ன பின்னாடி அடுப்பு எரியல. யாரு ஊட்டு மொறைன்னு ஒருத்தனுக்கும் தெரியல. பேப்பர்காரன் வரல. மைக்குக்காரன் மைக்க அவுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் மட்டும் தனியா அந்த நாற்காலியில உக்காந்திருந்தன் ரொம்ப நாளு. ஒரு நாளு போலீசு வந்து, "பெரியவரே, எழுந்துருங்க"ன்னு சொல்லிட்டு, நான் எழுந்ததும் பந்தலப் பிரிச்சிப் போட்டுட்டான். மறிக்க ஆளு இல்ல. தொள போடற வண்டி என் கண்ணு எதுக்க எல்லைக்கல்லத் தாண்டிப் போச்சி. இப்ப கெழக்கால கொல்லையெல்லாம் கம்பி வேலி கட்டிட்டான்.

நன்றி கெட்ட சனம் தம்பி. மொதல்ல பாத்தா தலையத் திருப்பிக்கிட்டாங்க. அப்பறம் நான் போனா பேச்ச நிறுத்தனாங்க. டீக்கடையில என் பக்கத்துல உக்காந்தவன் எழுந்து போறான். போன வைகாசியில திருவிழா. என்ன ஒரு வார்த்த கேக்காம தேதி குறிச்சிட்டாங்க. நான் போயி கோயில்ல நிக்கறன், பரிவட்டம் கட்டறதுக்குத் தலையக் காட்டிக்கிட்டு நிக்கறன். எங்க அப்பன் தல, பாட்டன் தல, என் தல, மூணு தலமொறையா அந்தப் பரிவட்டத்துக்குன்னே பொறந்த தல. பூசாரி என்னத் தாண்டிப் போறான். பின்னால நிக்கற அஞ்சலாட்சியக் கூப்புட்டு, அவ கையில மொத பிரசாதம் குடுக்கறான். ஊரு கொலவ போடுது! தாண்டனவளுக்குக் கொலவ. காப்ப முறிச்சவளுக்கு மொத மரியாத. காப்ப காத்தவன் தலையக் குனிஞ்சபடியே நிக்கறன். நிமிர முடியல தம்பி. அன்னிக்கி நான் செத்துட்டன்.

அங்க பாருங்க, அந்தப் பச்ச வேன்தான். திரைய கொஞ்சம் இழுத்து உடுங்க. போயிடுச்சா? சரி.

கேசு அவ போட்டதுதான். அந்த வக்கீலு அம்மா சொல்லிக் குடுத்திருக்கறாங்க. அந்தக் கூட்டம் செல்லாதுன்னு கேசு. ஊரு காப்புல கட்டுப்பட்டு நகர முடியாத வாரம்னு தெரிஞ்சே, அந்த வாரத்த கம்பெனிக்காரனே ஊருக்குள்ள சொல்லிக் குடுத்துட்டு, அந்த வாரத்துல கூட்டம் வச்சான்னு கேசு. அது நெசம்னு ஆச்சின்னா கூட்டம் ரத்தாவுமாம். மறுபடி கேக்கணுமாம். மறுபடி கேட்டா இந்தத் தடவ ஊரே போயி வாணாம்னு சொல்லும். சொரங்கம் நிக்கும். ஆனா சுதர்சன் அந்த வாரத்தச் சொன்னது யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் என் ஊட்டுக்கு வந்து போனதப் பாத்த சனத்துக்கு வெறும் சந்தேகம்தான்.

அவ வந்தா என் ஊட்டுக்கு, போன வாரம். இத்தினி வருசத்துக்கு அப்பறம். வாசப்படியிலியே நின்னா, இன்னமும் என் எதுக்க உக்காரல. ஏசுவாளோன்னு நெனச்சன். மயிரான்னு ஒரு வார்த்த ஏசியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். ஏசல. "மாமா, ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஒங்கள ஏமாத்திட்டாங்க. அந்த வாரத்த அவன் சொன்னான்னு மட்டும் வந்து சொல்லுங்க. அது போதும். ஊரு மிச்சமாவும்"ன்னா.

ஏமாத்திட்டாங்களாம். என்னப் போயி!

புரியிதா தம்பி ஒங்களுக்கு? கோர்ட்டுல, அத்தினி பேரு எதுக்க, என் சனமெல்லாம் வரிசையா உக்காந்து பாக்க, நான் கூண்டுல ஏறி என்னா சொல்லணுங்கறா? பேண்டு போட்ட ஒரு பொடிப்பய சொன்னான், அத நம்பி நான் அம்மன் கையில காப்புக் கட்டனன்னு சொல்லணும். செவப்புப் பூ வந்துச்சி, நான் மறுபடி மறுபடி எடுக்க வச்சன்னு சொல்லணும். லாரியிலேர்ந்து சனத்த எறக்கனது ஆத்தா இல்ல, நான்தான்னு சொல்லணும். சொன்னா ஊரு மிச்சமாவும், சரி. நான் என்னா ஆவறது? எங்க அப்பன் பாட்டன் என்னா ஆவறது? அதுக்கு அப்பறம் ஒரு பய அந்த ஊருல என்ன மனுசன்னு பாப்பானா?

இல்ல, பாக்காம இருக்காங்கதான். இப்பவும் பாக்கறதில்லதான். ஆனா இப்ப அவுங்க தப்புன்னு சொல்லிக்கிட்டு நான் படுத்துத் தூங்கறன். அதச் சொல்லிட்டன்னா எதச் சொல்லித் தூங்கறது?

நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியிது என்னா நெனைக்கிறீங்கன்னு. படிச்சவங்க எல்லாம் இப்பிடித்தான் பாக்கறீங்க. வக்கீலு அம்மாவும் இப்பிடித்தான் பாத்துச்சி.

நேத்து சுதர்சன் போன் பண்ணான். ஆமாம், அவனேதான். புது நம்பரு. கொரலக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடிச்சி. "ஐயா, நான் ஒங்கள மறக்கல ஐயா, வேற மாநிலத்துக்கு மாத்திட்டாங்க"ன்னான். நான்தான் சொன்னன் பாத்தீங்களா, வேல இருக்கும்னு? "ஐயா, இன்னார் சொல்லித்தான் நீங்க செஞ்சீங்கன்னு கோர்ட்டுல எவனையும் பேச உட்டுடாதீங்க. ஒங்க மரியாத எனக்கு முக்கியம். அம்மன் குறிச்ச தேதின்னு ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும், அதுக்கு மேல எவனும் ஒங்கள ஒரு கேள்வி கேக்க முடியாது"ன்னான். என் மரியாத. அந்த வார்த்தைய எங்க ஊருல ஒருத்தன் சொன்னானா? ஊரு மிச்சமாவும், கொல்ல மிச்சமாவும், சொரங்கம் நிக்கும், எல்லாம் சொன்னாங்க. பூவராகன் மரியாத என்னாவும்னு ஒருத்தன் கேட்டானா?

அதான் சொல்லப் போறன். அம்மன் குறிச்ச தேதி. வேற யாரும் சொல்லல. அவ்வளவுதான், கூண்ட உட்டு எறங்கிடுவன்.

கிளாம்பாக்கம் வந்துடிச்சா? பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தம்பி, முட்டி புடிச்சிக்கிச்சி. ரொம்பப் பேசிட்டன், தப்பா நெனைக்காதீங்க. பேசறதுக்கு ஆளு இல்லாமப் போச்சி, அதான்.

அட, அங்க பாருங்க, வாசல்ல! இந்த வெயில்ல கையில கொடையப் புடிச்சிக்கிட்டு எட்டி எட்டி ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு நிக்கறானே, அவன்தான் சுதர்சன். காரு அனுப்பறன்னுதான் சொன்னான், அவனே வந்துட்டான். என்னப் பாத்துட்டான். பாருங்க, ரோடுன்னுகூட பாக்காம செருப்பக் கழட்டறான்.

சொல்லுங்க தம்பி, எனக்குன்னு வேற யாரு இப்பிடி வந்து நிப்பா?